ஊரை ஊராக்குவன மூன்று

ஓர் ஊர் எதனால் ஊராகிறது? வீடுகள் பல அருகருகே நிற்பதனால் மட்டும் ஊர் உண்டாகிவிடாது. சந்தையிலும் வண்டிகள் அருகருகேதான் நிற்கின்றன; பொழுது சாய்ந்தால் அவை திசைக்கொன்றாய்ப் போய்விடுகின்றன. சேர்ந்து நிற்பது வேறு, சேர்ந்து வாழ்வது வேறு. சேர்ந்து வாழ்வதற்குச் சாலை, கிணறு, விளக்கு ஆகியவை வேண்டும் என்பதை யாவரும் அறிவர். அவற்றுக்கு அப்பாலும் சில வேண்டும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்த நாளன்று, நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. வட்டார வளர்ச்சி அலுவலகங்கள் அதன் வழியே தோன்றியவையே. அத்திட்டத்தின் பெயரை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். கட்டட வளர்ச்சி என்றோ, சாலை வளர்ச்சி என்றோ அதற்குப் பெயரிடவில்லை. சமுதாய வளர்ச்சி என்றே பெயரிட்டனர். மக்கள் ஒன்றுபட்டுத் தம் ஊரைத் தாமே உயர்த்திக்கொள்ள வேண்டும் என்பதே அதன் உட்பொருள். ஆயினும், ஆண்டுதோறும் நாம் எழுதியனுப்பும் அறிக்கைகளில் கட்டடங்களின் எண்ணிக்கைக்கு உரிய பத்தி இருக்கின்றது. ஒற்றுமைக்கு உரிய பத்தி இல்லை. அளக்க முடியாததை மறந்துவிடுவது மனித இயல்பு. அவ்வாறு மறக்கத்தகாதவை மூன்று எனக் கொள்ளலாம். அவை கலை, பொதுவிடம், வழிகாட்டும் மூத்தோர் என்பன.

நம் பகுதியின் நிலை

திருவள்ளூர் மாவட்டம் 1997ஆம் ஆண்டில் பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மாவட்டம் புதிது, மண்ணோ மிகப் பழையது. கொசத்தலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞர் 1863ஆம் ஆண்டிலேயே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவ்விடத்துக் கருவிகளுட் சில ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று அண்மைக்கால ஆய்வுகள் கூறுகின்றன. பழவேற்காட்டில் 1613ஆம் ஆண்டில் டச்சுக்காரர் கட்டிய கோட்டையின் எச்சமும், அவர்களது கல்லறைத் தோட்டமும் இன்றும் உள்ளன. அவ்வூர்ப் பெண்டிர் பனையோலையில் முடையும் பெட்டிகள் தாய் மகளுக்குக் கற்பித்து வரும் கைத்தொழிலாகும்.

இத்தகைய மண்ணில் இன்று நிகழும் மாற்றம் பெரிது. கும்மிடிப்பூண்டியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் தொழிற்சாலைகள் பெருகியுள்ளன. ஏர் பிடித்த கைகள் இயந்திரம் பிடிக்கின்றன. ஒரே வீட்டில் தந்தை வைகறையில் வயலுக்குப் போகிறார். மகன் அப்பொழுதுதான் இரவு முறை வேலை முடிந்து வீடு திரும்புகிறான். ஒரிசா, பீகார், வங்காளம் முதலிய இடங்களிலிருந்து வந்த தொழிலாளர் வாடகை அறைகளில் தங்கியுள்ளனர். இலங்கையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த தமிழ் மக்களும் கும்மிடிப்பூண்டி முகாமில் பல்லாண்டுகளாக வாழ்ந்து வருகின்றனர். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் பேசப்படுகின்றன.

தொழில் வளர்ச்சியால் வருவாய் கூடியுள்ளது என்பதில் ஐயமில்லை. ஆனால், மனை விலை ஏற ஏற, மந்தைவெளியும் களத்துமேடும் சுருங்கி வருகின்றன. ஊரிலே பிறந்தவர் ஒருவரையொருவர் காணும் நேரம் குறைகிறது. ஊருக்குப் புதிதாய் வந்தவரை அறிந்துகொள்ளும் இடமோ ஏறக்குறைய இல்லை. பணம் வளர்ந்து ஊர் தேய்ந்தது என்ற பழிச்சொல் நம்மேல் வரலாகாது.

முதலாவது: கலை

நம் வடதமிழ்நாட்டு ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா நடைபெறும் முறையை வாசகர் அறிவர். பத்து நாள் முதல் இருபது நாள் வரையிலும், சில ஊர்களில் அதற்கு மேலும், பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நடைபெறும். இதனை வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உளர். கூர்ந்து நோக்கினால், ஊரையே ஒரு மேடையாக்கி, ஊராரையே நடிகராக்கும் ஏற்பாடு அது என்பது விளங்கும்.

பகாசுரன் வதம் நடக்கும் நாளில் பீமன் வேடம் பூண்டவர் வண்டியேறித் தெருத்தெருவாக வருகிறார். வீடுதோறும் உணவு தருகின்றனர். அர்ச்சுனன் தபசு நாளில் நெடும்பனை ஒன்றை நட்டு, அதன்மேல் கூத்தர் பாடிக்கொண்டே ஏறுகிறார். இறுதி நாளில் துரியோதனன் உருவத்தை மண்ணால் மிகப் பெரிதாகத் தரையில் கிடத்திப் படுகளம் அமைக்கின்றனர். அந்த உருவத்துக்கு மண் சுமப்பவர் சிலர். நீர் ஊற்றிக் குழைப்பவர் சிலர். வண்ணம் தீட்டுபவர் சிலர். அன்று மாலை தீமிதி. இவ்வளவுக்கும் வேண்டிய விறகு, அரிசி, பந்தல், விளக்கு ஆகிய அனைத்தும் ஊர்ப்பொறுப்பு. ஒரு திருவிழாவைச் செவ்வனே நடத்தி முடிக்கும் ஊர், ஓர் ஏரியைத் தூர்வாரும் வேலையையும் நடத்த வல்லது. வேலையைப் பகிர்தல், கணக்குக் காட்டுதல், பிணக்கைத் தீர்த்தல் என்னும் மூன்று பாடங்களும் அதிலே அடங்கியிருக்கின்றன.

கூத்தின் அமைப்பிலும் ஒரு கருத்து உண்டு. மத்தளம், கைத்தாளம், ஆர்மோனியம், முகவீணை ஆகிய இசைக்கருவிகளோடு கூத்தர் களம் புகுவர். மரத்தால் செய்து கண்ணாடித் துண்டு பதித்த கிரீடமும் புயக்கட்டைகளும் மார்பு அணியும் பூண்டவுடன், பகலில் களை பறித்த எளிய மனிதர் அரசராகிவிடுகிறார். அவர் முன்னால் நின்று, அரசனையும் அவன் அமைச்சனையும் கேலி செய்யும் உரிமை கட்டியக்காரனுக்கு உண்டு. அதிகாரத்தில் இருப்போரைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம் என்பதை நம் மக்கள் நாடாளுமன்றம் தோன்றுமுன்னரே கூத்துக்களத்தில் பயின்றிருக்கின்றனர். ஊராட்சித் தலைவரின் குறையையும், ஏன், வட்டார வளர்ச்சி அலுவலரின் குறையையும் கட்டியக்காரன் வாயால் கேட்டு நாமே நகைத்ததுண்டு. மறுநாள் அக்குறையைத் திருத்திக்கொண்டதும் உண்டு.

தொழிற்பேட்டைக்கு அண்மையிலுள்ள ஓர் ஊரில் இவ்விழா சில ஆண்டுகள் நின்றுபோயிருந்தது. இளைஞர் முறை வேலைக்குப் போவதால் இரவெல்லாம் விழித்திருக்க ஆளில்லை என்று பெரியோர் கூறினர். பின்னர் அவ்விளைஞர்களே முன்வந்து, கூத்தைச் சனி இரவுகளில் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என முறை வகுத்தனர். நாமும் ஒரு சனி இரவு சென்றிருந்தோம். வட மாநிலத் தொழிலாளர் சிலர் திடலின் ஓரத்தில் நின்றிருந்தனர். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. எனினும், கதாயுதத்தோடு ஒருவர் களம் புகுந்ததும், “பீம், பீம்” என்று தமக்குள் கூறி மகிழ்ந்தனர். அதைக் கண்ட ஊர்ப் பெரியவர் ஒருவர் பாயை நகர்த்தி, “இங்கே வந்து உட்காருங்கள்” என்று சைகை காட்டினார். ஆண்டுக்கணக்கில் ஒரே ஊரில் வாழ்ந்தும் பேசாதிருந்தவர்களை ஒரு கதை அன்று ஒரே பாயில் அமர்த்தியது. எந்தச் சுற்றறிக்கையாலும் அதனைச் செய்திருக்க இயலாது.

ஆயினும், அதே திடலில் இன்னொரு காட்சியையும் கண்டோம். அவ்வூர் இருளர் குடியிருப்பைச் சேர்ந்தோர் வெளிச்சம் எட்டாத இடத்திலேயே நின்றிருந்தனர். எவரும் அவர்களை விரட்டவில்லை, எவரும் அழைக்கவுமில்லை. கலை தானாகவே எல்லாரையும் சேர்த்துவிடும் என்று எண்ணுவது தவறு. பாயை நகர்த்தும் கை வேண்டும். பொதுவிடத்தில் தீண்டாமை பாராட்டுதல் 1955ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். சட்டம் விரட்டுவதைத் தடுக்கும்; அழைப்பதை நாம்தான் செய்ய வேண்டும்.

இரண்டாவது: பொதுவிடம்

கலை நிகழ இடம் வேண்டும். மக்கள் கூட இடம் வேண்டும். நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். மந்தைவெளி, களத்துமேடு, சாவடி, ஆலமரத்தடி, குளக்கரை, கோயில் திடல் என ஊருக்கு ஊர் எத்தனை பொதுவிடங்கள்! அவற்றில் ஒன்றும் ஒரே பயனுக்கு உரியதன்று. நெல்லடித்த களத்திலே இரவில் கூத்து நடக்கும். பகலில் சிறுவர் விளையாடுவர். வழக்கு வந்தால் அங்கேயே பேசித் தீர்ப்பர்.

இவ்விடத்தில் நம் பிழையொன்றை ஒப்புக்கொள்வது கடமையாகும். முன்னர் நாம் பணியாற்றிய வட்டாரத்தில் ஓர் ஊருக்குச் சமுதாயக் கூடம் கட்ட நிதி கிடைத்தது. ஊர் நடுவே புளியமரத் திடல் ஒன்று இருந்தது. கட்டடத்திற்கு அளவெடுப்பது எளிது என்பதனால், திடலை விட்டு விலகி ஒரு தெருவின் கோடியில் இடம் தெரிந்தெடுத்தோம். கட்டடம் குறித்த காலத்தில் முடிந்தது. திறப்பு விழாவும் சிறப்பாக நடந்தது. ஈராண்டு கழித்துச் சென்று பார்த்தபோது, கூடத்திலே நெல்மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. சாவி ஒரே வீட்டில் இருந்தது. மற்றத் தெருக்காரர் அங்கே ஒருநாளும் கால் வைக்கவில்லை. காரணம் வினவியபோது மூதாட்டி ஒருவர், “கூடம் நீங்க கட்டினது ஐயா, மரத்தடி நாங்க உட்கார்ந்தது” என்றார். அச்சொல்லை நாம் மறக்கவில்லை. மக்கள் ஏற்கெனவே எங்கே கூடுகின்றனரோ அங்கேதான் பொதுவிடம் இருக்கிறது. அதனை மேம்படுத்துவது அலுவலர் வேலை. அதற்கு மாற்றாக ஒன்றைக் கொண்டுவந்து வைப்பதன்று. பின்னர் அக்கூடத்தின் சாவியைப் பெண்கள் குழுவிடம் ஒப்படைத்து, மாலையில் மாணவர் படிக்க விளக்கிட்ட பிறகே நிலைமை ஓரளவு திருந்தியது. புளியமரத்தடியில் ஒரு மேடை கட்டியிருந்தால், அதில் பாதிச் செலவுகூட ஆகியிராது.

பொதுவிடத்தால் ஊர் எவ்வாறு மாறும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே நற்சான்று உண்டு. திருமழிசைக்கு அருகிலுள்ள குத்தம்பாக்கம் சாதிப் பூசலுக்கும் கள்ளச்சாராயத்துக்கும் பெயர்பெற்றிருந்த ஊர். அவ்வூரில் பிறந்து, வேதியியல் பொறியியல் பயின்று, அரசு ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிவந்த திரு. இரங்கசாமி இளங்கோ, அப்பணியைத் துறந்து ஊர் திரும்பி 1996ஆம் ஆண்டில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 2001இல் மீண்டும் தேர்வு பெற்றார். சமத்துவபுரம் அமைக்கும் வாய்ப்பு அவ்வூருக்கு வந்தபோது, வீடுகளை இரட்டை வீடுகளாகக் கட்டினர். ஒரு சுவரைப் பகிர்ந்துகொண்டு, ஒரு புறம் ஆதிதிராவிடர் குடும்பமும் மறுபுறம் வேறு வகுப்புக் குடும்பமும் வாழும்படியான 50 இரட்டை வீடுகளில் 100 குடும்பங்கள் குடியேறின. 1997இல் தமிழக அரசு வகுத்த சமத்துவபுரத் திட்டத்தின்படி 100 வீடுகளில் 40 வீடுகள் ஆதிதிராவிடர்க்கும், 25 பிற்பட்டோர்க்கும், 25 மிகப் பிற்பட்டோர்க்கும், 10 ஏனையோர்க்கும் உரியவை. குத்தம்பாக்கத்தார் அக்கருத்தை ஒரு படி மேலே கொண்டுசென்று, பொதுச்சுவரையே ஒரு பாடமாக்கினர். ஒரே சுவரில் சாய்ந்து வளரும் பிள்ளைகளுக்குத் தெருப் பிரிவினையைக் கற்பிப்பது கடினம்.

நகர்ப்புறத்திலும் இதற்கு ஒப்பான முயற்சி ஒன்று நடந்தது. சென்னை நகரின் பல குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் குடியமர்த்தப்பட்ட கண்ணகி நகரில், 2020ஆம் ஆண்டு முதல் அடுக்கு வீடுகளின் சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டன. இழிபெயரோடு சுட்டப்பட்ட இடத்தை வெளியூரார் வந்து பார்க்கும் நிலை ஏற்பட்டது. ஓவியம் சாக்கடையைச் சீர்செய்யாது என்பதும் உண்மையே. ஆனால், தம் இடத்தை மதிக்கக் கற்றவர்களே அதன் சாக்கடையைப் பற்றியும் உரத்துக் கேட்கத் தொடங்குவர்.

பொதுவிடத்தைக் காக்கும் சட்டம்

இருக்கும் பொதுவிடத்தைக் காப்பதே முதல் வேலை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 மேய்ச்சல் நிலம், களம், மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு, இடுகாடு, சுடுகாடு போன்ற புறம்போக்குகளைப் பேணும் பொறுப்பை ஊராட்சிக்கு அளித்துள்ளது. ஆக்கிரமிப்பை அகற்ற 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் வருவாய்த் துறைக்கு அதிகாரம் தருகிறது. மேலும், 2011ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் அளித்த தீர்ப்பில், ஊர்ப் பொது நிலங்களிலுள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றி அவற்றை ஊர்ப் பொதுப்பயனுக்கு மீட்டுத்தர எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. நெடுங்காலம் அனுபவித்தோம் என்பதும், பெருஞ்செலவு செய்து கட்டிவிட்டோம் என்பதும் உரிமை ஆகா என்று அத்தீர்ப்பு தெளிவாக்கிற்று.

ஆகவே, ஒவ்வோர் ஊராட்சி உறுப்பினரும் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் ஒருமுறையேனும் பார்த்து, தம் ஊர்ப் பொது நிலங்களின் புல எண்ணையும் பரப்பையும் குறித்துக்கொள்ள வேண்டும். அப்பட்டியலைக் கிராம சபையில் படித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். வேலி விழுந்த பின்னர் வருந்துவதைவிட, வேலி விழுமுன் எழுதிவைப்பது மேல்.

கிராம சபையே ஊரின் தலைசிறந்த பொதுவிடம் என்று கூறலாம். சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் அதற்கு வகுக்கப்பட்டுள்ளன. அக்கூட்டத்தை வழிபாட்டிடங்களில் நடத்தலாகாது என்பதும், சிற்றூர்தோறும் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்பதும் விதிகள். இவ்விதிகளின் நோக்கம் எல்லார்க்கும் ஒப்பான இடத்தில் எல்லாரும் அமர வேண்டும் என்பதே. கூட்டம் ஒரு தடவை இருளர் குடியிருப்பில் நடந்தால், அவர்கள் தெருவில் விளக்கில்லை என்பதை யாரும் மனுவில் எழுத வேண்டியதில்லை. பொழுது சாய்ந்ததும் அனைவர்க்கும் விளங்கும். தமிழ்நாட்டு உள்ளாட்சி இடங்களில் சரிபாதி பெண்களுக்கு ஒதுக்க 2016இல் சட்டத் திருத்தம் வந்தது. நாற்காலி ஒதுக்கினால் போதாது. பெண்கள் வந்து அமர்ந்து பேசத்தக்க நேரமும் நிழலும் வெளிச்சமும் உள்ள இடமும் ஒதுக்க வேண்டும்.

மூன்றாவது: வழிகாட்டும் மூத்தோர்

கலையும் இடமும் இருந்தும், கற்பிப்பார் இல்லையேல் ஒரு தலைமுறையோடு யாவும் முடிந்துவிடும். கூத்துக் கற்பிப்பவரை நம் மக்கள் ‘வாத்தியார்’ என்றே அழைப்பர். ஊர் இளைஞர் கூடி ஒரு வாத்தியாரை அமர்த்திக்கொள்வதும், அவர் சில திங்கள் இரவுதோறும் பாட்டும் அடவும் வசனமும் பயிற்றுவிப்பதும், பின்னர் ஊரறிய அரங்கேற்றம் நடப்பதும் பழைய வழக்கம். அந்த வாத்தியார் பாட்டை மட்டும் கற்பிப்பதில்லை. நேரத்திற்கு வருதல், தன் முறை வரும்வரை காத்திருத்தல், உடன் ஆடுபவன் தவறினால் தாங்கிப் பிடித்தல் ஆகியவற்றையும் கற்பிக்கிறார்.

காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் நடந்த முயற்சி இங்கே நினைக்கத்தக்கது. 1990இல் கூத்தர்கள் சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கத்தை நிறுவினர். தாம் அணியும் கட்டைகளின் பெயராலேயே தம் கலையைக் கட்டைக்கூத்து என அழைத்துக்கொண்டமை அவர்களது தன்மதிப்பின் அடையாளமாகும். அச்சங்கத்தின் நிறுவனர்களுள் ஒருவரும் பரம்பரைக் கூத்தருமான திரு. பெ. இராசகோபால் முதலியோர் 2002இல் ஒரு குருகுலம் தொடங்கினர். பள்ளிப்படிப்பையும் கூத்துப் பயிற்சியையும் ஒருங்கே அளித்த அக்குருகுலம் 2020 வரை நடைபெற்றது. ஆடவர்க்கே உரியதாயிருந்த களத்தில் சிறுமியரும் கிரீடம் கட்டி ஆடியதே அதன் பெரிய சாதனை. நல்ல வழிகாட்டி மரபைக் கற்பிப்பதோடு நில்லாமல், மரபின் கதவை இன்னும் சற்று அகலத் திறந்துவிடுகிறார் என்பதற்கு இது சான்று.

குத்தம்பாக்கத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. திரு. இளங்கோ 2001இல் ஊராட்சித் தலைவர்களுக்கெனப் பயிற்சிக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். கணக்கு, சட்டம், வேலைத் திட்டம் ஆகியவற்றை, அவற்றைச் செய்து பார்த்து அடிபட்ட ஒருவரிடமிருந்தே பிற தலைவர்கள் கற்க வாய்ப்பு ஏற்பட்டது. விதிப்புத்தகத்தைப் படித்து அறிவது ஒரு பங்கு. முன்னே நடந்தவரின் தோளைப் பற்றி நடப்பது மூன்று பங்கு.

அயல்நாட்டுச் சான்றொன்றும் கூறுவோம். டென்மார்க்கு சிறிய நாடு, உழவர் நாடு. குருந்துவி என்னும் அறிஞரின் கருத்தைத் தழுவி, அந்நாட்டில் 1844ஆம் ஆண்டில் முதலாவது மக்கள் உயர்பள்ளி தோன்றியது. அங்கே தேர்வு இல்லை, பட்டம் இல்லை. உழவர் வீட்டு இளைஞர் குளிர்காலத்தில் அங்கே தங்கி, ஆசிரியரோடு ஒன்றாக உண்டு, ஒன்றாகப் பாடி, தம் நாட்டு வரலாற்றையும் மொழியையும் கற்றனர். இத்தகைய பள்ளிகள் பெருகிய பின்னரே, 1882இல் அந்நாட்டின் முதற் கூட்டுறவுப் பால்பண்ணை தோன்றிற்று. பிறகு நாடெங்கும் பரவிற்று. ஒன்றாகப் பாடிப் பழகியவர் ஒன்றாகப் பால் விற்கவும் நம்பிக்கை கொண்டனர் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். கூட்டுறவுச் சங்கங்கள் பல நம் நாட்டில் நலிவதற்கு முதற்காரணம் பணக்குறை அன்று, ஒருவர்மேல் ஒருவர்க்கு நம்பிக்கை இன்மையே என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.

தொழிற்பேட்டை இளைஞர்க்கு இவ்வழிகாட்டல் பெரிதும் வேண்டப்படுகிறது. பழகுநர் சட்டம் 1961இல் வந்தது. தொழிற்சாலையில் இயந்திரத்தைக் கற்பிக்க ஆள் உண்டு. முதற் சம்பளத்தை எப்படிச் செலவிடுவது, கடனில் வாங்கிய வண்டியை எப்படி ஓட்டுவது, வேலை நின்றால் மனம் தளராதிருப்பது எவ்வாறு என்பவற்றைக் கற்பிக்க யார் உளர்? இருபதாண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற தொழிலாளர், ஓய்வு பெற்ற ஆசிரியர், மூத்த உழவர், மகளிர் குழுத் தலைவியர் ஆகியோர் ஊர்தோறும் இருக்கின்றனர். அவர்களை ஒருவரும் கேட்கவில்லை என்பதே குறை.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றை நிறைவேற்றப் பெருநிதி வேண்டும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பின்வருவன இன்றே தொடங்கத்தக்கவை.

1. ஊர்ப் பொது நிலங்களின் பட்டியலைப் புல எண்ணோடு எழுதிக் கிராம சபையில் பதிவு செய்க. கூத்து நடக்கும் திடலை அதில் முதலாவதாக எழுதுக.

2. புதுக் கட்டடத்துக்கு இடம் தேடுமுன், மாலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை ஊரைச் சுற்றி வருக. ஆடவர், பெண்டிர், சிறுவர், வெளியூர்த் தொழிலாளர் ஆகியோர் எங்கெங்கே கூடுகின்றனர் என்று கவனிக்க. கூடும் இடத்தில் விளக்கும் குடிநீரும் அமரத் திட்டும் அமைக்க. பொதுக் கட்டடத்தின் சாவி ஒரே வீட்டில் இருக்கலாகாது.

3. நூலகங்களை உயிர்ப்பிக்க. 1948ஆம் ஆண்டில், விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது நம் மாநிலமே. அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் 2006ஆம் ஆண்டு முதல் ஊராட்சிகளில் நூலகங்கள் கட்டப்பட்டன. அவற்றுட் பூட்டிக் கிடப்பவற்றை மாலை வேளையில் திறந்து, மூத்தோர் ஒருவரும் மாணவர் சிலரும் அமருமாறு செய்தால், அதுவே வழிகாட்டும் நிலையமாகும். தமிழ், தெலுங்கு, இந்தி நாளிதழ் ஒவ்வொன்று வைத்தல் நலம்.

4. ஊரிலுள்ள கூத்தர், இசைவாணர், ஓலை முடைவோர் ஆகியோரின் பெயர்களைத் திரட்டுக. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் அவர்களை உறுப்பினராக்குக. மாவட்டக் கலை மன்றத்தின் வழியாக வயது வரிசைப்படி கலை இளமணி, கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி விருதுகள் வழங்கப்படுவதை அவர்களுக்கு அறிவித்து விண்ணப்பிக்கச் செய்க.

5. தொழில் நிறுவனங்களின் உதவியை முறையாக நாடுக. நிறுவனங்கள் சட்டம், 2013இன் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர இலாபம் 5 கோடி ரூபாய் ஆகிய வரம்புகளுள் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்திய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும். பொது நூலகம், மரபுக் கலை, கைத்தொழில் ஆகியவை அப்பணிகளின் பட்டியலில் உள்ளன; நிறுவனம் இயங்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தருமாறும் சட்டம் கூறுகிறது. கைகட்டிச் சென்று நன்கொடை கேட்க வேண்டுவதில்லை. கிராம சபைத் தீர்மானத்தோடும், மதிப்பீட்டோடும், பராமரிப்பது யார் என்ற உறுதியோடும் செல்க.

6. ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிச் சிறுவரைப் பூண்டியிலுள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்துக்கும் பழவேற்காட்டுக்கும் அழைத்துச் செல்க. தம் மண்ணின் தொன்மையை அறிந்த பிள்ளை, ‘நான் பின்தங்கிய ஊரான்’ என்று தலைகுனியான். வெளிமாநிலத் தொழிலாளரின் பிள்ளைகளையும் அதே வண்டியில் ஏற்றிக்கொள்க; அவர்களும் இம்மண்ணில்தான் வளர்கின்றனர்.

7. திருவிழாவின்போது பந்தலின் முன்வரிசையில் யார் அமர்வர் என்பதைப் பற்றியே நெடுநேரம் பேசுகிறோம். வெளிச்சத்துக்கு அப்பால் நிற்பவர் யார் என்பதைப் பற்றியும் ஒருமுறை பேசுக. அவர்களை அழைக்கும் பொறுப்பை ஒருவர்க்கு ஒப்படைக்க.

முடிவுரை

நாம் மேலே குறித்த தொழிற்பேட்டை ஊருக்கு மறு ஆண்டும் சென்றிருந்தோம். சென்ற ஆண்டு பாய் பெற்ற வட மாநிலத் தொழிலாளர் சிலர், இம்முறை படுகளத்துக்கு மண் சுமந்துகொண்டிருந்தனர். இருளர் குடியிருப்பைச் சேர்ந்த பிள்ளைகள் சிலர் ஊர்ச் சிறுவரோடு சேர்ந்து, மண்ணால் ஆன துரியோதனனின் மீசைக்குக் கரி பூசிக்கொண்டிருந்தனர். பெரியவர்கள் இன்னும் சற்று எட்டவே நின்றனர் என்பதையும் மறைக்காமல் கூற வேண்டும். ஓர் ஆண்டில் எல்லாம் மாறிவிடாது. ஆனால், பிள்ளைகள் முன்னே வந்துவிட்டனர்.

அந்தத் திடலின் பரப்பு ஏறத்தாழ அரை ஏக்கர். மனையாக விற்றால் இன்று பெருந்தொகை கிடைக்கும். விற்ற தொகை ஓராண்டில் செலவாகிவிடும். அத்திடலில் உண்டாகும் உறவு பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கும். இதனைக் கணக்கிடுவதற்கு நம் அறிக்கைப் படிவத்தில் பத்தி இல்லை. ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் தத்தம் ஊர்த் தீர்மானப் புத்தகத்தில் அதற்கு ஒரு பத்தி திறப்பார்களாக. வரும் கிராம சபையிலேயே திடலின் புல எண்ணை எழுதித் தொடங்கலாம்.